சர்க்கரை நோயைத் தடுக்க இணையவழிப் பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய் வராமல் தடுப்பது எப்படி என்று இணையம் வழியாகச் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. செவிலியர்கள், சமூகநலப் பணியாளர்கள், தன்னார்வலர்கள், சங்கங்களை நடத்துபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பல மொழி பேசுகிற, பலவிதமான வருமானமும் உணவுப் பழக்கமும் உள்ள மக்களுக்கு ஒரே பாடம் பொருந்தாது. அதனால் அது தொடர்பான கேள்விகளுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தச் சர்க்கரை நோயைத் தடுக்க முடியும் என்று சொல்கிறீர்கள்?

டைப் 2 எனப்படும் இரண்டாம் வகையை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் உடலில் சுரந்தாலும் அதற்குத் தசையும் கல்லீரலும் சரியாகச் செவிசாய்க்காமல் போவதும், ஈடுகட்ட அதிக இன்சுலின் சுரக்கப் போராடும் கணையம் நாளடைவில் தளர்வதும்தான் இதன் பின்னணி. இது மெதுவாக, பல ஆண்டுகளாக வளரும். இடையில் புகுந்து தடுக்க அவகாசம் கிடைப்பது அதனால்தான்.

முதல் வகை அப்படியல்ல. அதில் உடலின் எதிர்ப்பு மண்டலமே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. உணவாலோ சோம்பலாலோ அது வருவதில்லை. உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றி அதைத் தடுக்கவும் முடியாது. முதல் பாடத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். முதல் வகை வந்த குழந்தையின் பெற்றோர் அந்த வகுப்பில் இருக்கலாம். 'நாம்தான் ஏதோ தப்பு பண்ணிவிட்டோம்' என்ற எண்ணத்தோடு அவர்கள் வீடு திரும்பக் கூடாது.

உண்மையிலேயே தடுக்க முடியுமா? ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் வலுவாக. சீனாவின் தாச்சிங் நகரில் 1986-ல் தொடங்கிய ஆய்வில், ரத்தச் சர்க்கரை இயல்பைவிடக் கூடியிருந்தாலும் நோய் அளவை எட்டாத (பார்டர்லைன் எனப்படும் நிலையில் இருந்த) 577 பேர் கலந்துகொண்டார்கள். உணவிலும் உடற்பயிற்சியிலும் ஆறு ஆண்டுகள் வழிகாட்டப்பட்டவர்களை 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நோய் வருவது சராசரியாக நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. இதய நோய், பக்கவாதம் போன்றவையும் அவர்களிடம் குறைவாக இருந்தன. ஃபின்லாந்தில் 522 பேரை வைத்து நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்தது 2002-ல் வெளியானது. இரண்டிலும் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. அமெரிக்க ஆய்வில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது. 60 வயது தாண்டியவர்களிடம் வாழ்க்கைமுறை மாற்றத்தின் பலன் 71 சதவீதம். 'இந்த வயசுக்கு மேல என்ன பண்ணி என்ன' என்று கேட்கும் பெரியவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்.

58 சதவீதம் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்பார்கள். இப்படி விளக்கலாம்: அமெரிக்க ஆய்வின்படி, ஆபத்தில் இருப்பவர்களை ஒவ்வொரு பிரிவிலும் 100 பேராக ஓராண்டு கவனித்தால், மாற்றம் எதுவும் செய்யாதவர்களில் 11 பேருக்கு நோய் வந்தது, மாற்றிக்கொண்டவர்களில் சுமார் 5 பேருக்கு வந்தது. யாருக்குமே வராது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. நீங்களும் அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள்.

2006-ல் வெளியான இந்திய ஆய்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். 531 பேர் கலந்துகொண்ட அதில், மூன்று ஆண்டுகளில் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. வழிகாட்டலோடு வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் அது 39 சதவீதம். அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. எடையை மட்டுமே இலக்காக வைக்கும் பாடத்திட்டம் எல்லாச் சமூகங்களுக்கும் பொருந்தாது என்பதற்கு இது நல்ல சான்று.

இவையெல்லாம் நேரில் நடந்தவை. இணையத்திலும் கைபேசியிலும் அதே பலன் கிடைக்குமா?

சரியாகச் செய்தால் கணிசமான பலன் கிடைக்கும். தென்னிந்தியாவில், பார்டர்லைனில் இருந்த 537 வேலைக்குப் போகும் ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் தொடக்கத்தில் ஒருமுறை அறிவுரை சொல்லப்பட்டது. ஒரு பிரிவுக்கு மட்டும், அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முதல் நான்கு குறுஞ்செய்திகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு ஆண்டுகள் முடிந்தபோது குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது. இது 2013-ல் வெளியான ஆய்வு. வீடியோ இல்லை, ஆப் இல்லை, சாதாரண எஸ்.எம்.எஸ். மட்டும்தான்.

அமெரிக்காவின் தேசியச் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம் இணையவழி வகுப்புகளையும் அங்கீகரிக்கிறது. இங்கிலாந்தில் 2016-ல் தொடங்கிய அரசுத் திட்டத்திலும் நேரில் வருவதா, இணையத்தில் சேர்வதா என்று தேர்ந்தெடுக்கும் வசதி பிறகு வந்தது.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். நல்ல பாடங்களைப் பதிவேற்றிவிட்டு, மக்கள் பார்த்துத் திருந்திக்கொள்வார்கள் என்று ஒதுங்கிவிட்டால் பலன் வராது. என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம் என்ற தகவல் ஏற்கனவே எல்லாப் பக்கமும் கொட்டிக் கிடக்கிறது. 'போன வாரம் எப்படிப் போச்சு?' என்று பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு ஆள்தான் இல்லை. அந்த ஆளையும் ஒரு ரத்தப் பரிசோதனையையும் பாடத்தோடு சேர்த்துத் தாருங்கள். அப்போதுதான் அது தடுப்புக் கல்வி ஆகும்.

யாரைச் சேர்க்க வேண்டும்? குண்டாக இருப்பவர்களை மட்டுமா?

இல்லை. பல இணையதளங்கள் தவறுவது இங்கேதான். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டினால்தான் ஆபத்து என்ற அளவுகோல் ஐரோப்பிய வம்சாவளியினருக்குப் பொருந்தும். ஆசிய மக்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்து ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதனால் 2004-ல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்கு 23-ஐயே கவனிக்க வேண்டிய எல்லையாகச் சொன்னது. இடுப்புச் சுற்றளவிலும் இதே வித்தியாசம் உண்டு: தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், ஐரோப்பிய ஆண்களுக்கு 94. பெண்களுக்கு இரு பிரிவிலும் 80.

ஒல்லியான ஒருவர் உங்கள் படிவத்தை நிரப்பி, 'உங்களுக்கு ஆபத்து இல்லை' என்ற பச்சை வண்ணப் பதிலைப் பார்த்துவிட்டு மூடிவிட்டால், அவரை நாமே தவறான நம்பிக்கையோடு அனுப்பிவைத்ததாகும். படிவத்தில் வம்சாவளிக்கேற்ற அளவுகோலை வையுங்கள். பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குச் சர்க்கரை உண்டா, கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா, ரத்தக் கொதிப்பு உண்டா என்றும் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்துபோன பெண்கள் முக்கியமானவர்கள். பிரசவத்துக்குப் பிறகு கவனமெல்லாம் குழந்தை பக்கம் திரும்பிவிடுகிறது. தாய்க்கு 4 முதல் 12 வாரத்துக்குள் செய்ய வேண்டிய பரிசோதனை அதில் தவறிப்போகிறது.

எந்தப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும்? எந்த எண் வந்தால் பார்டர்லைன்?

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகள் இவை: வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199, மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம். இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் பார்டர்லைன். 126, 200, 6.5 என்ற எண்களையோ அதற்கு மேலோ தொட்டால் நோய் நிலை. அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு சோதனையால் உறுதி செய்வார்கள். உலக சுகாதார அமைப்பு வெறும் வயிற்று அளவில் 110-லிருந்துதான் எல்லை நிலை என்கிறது. ஆகவே எந்த அளவைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பாடத்திலேயே குறிப்பிடுங்கள்.

ரத்தசோகை உள்ளவர்களுக்கும், அரிவாள் செல் போன்ற ஹீமோகுளோபின் மாறுபாடு பரம்பரையாக உள்ளவர்களுக்கும் எச்பிஏ1சி தவறாகக் காட்டக்கூடும். இவை பரவலாக உள்ள சமூகங்களில் அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள்.

அறிகுறி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 58.9 கோடி பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தங்களுக்கு இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள்.

ஏற்கனவே நல்ல பாடங்கள் இருக்கின்றன. அவற்றை மொழிபெயர்த்துப் போட்டால் போதாதா?

போதாது. மொழிபெயர்ப்பு முதல் படிதான். ஒரு சமூகத்துக்காக எழுதிய பாடத்தை வரிக்கு வரி இன்னொரு மொழியில் கொண்டுவந்தால், படிப்பவருக்கு எழுத்து புரியும். பாடம் தன்னைப் பற்றியது என்று தோன்றாது. படத்தில் இருக்கும் தட்டில் அவர் சாப்பிடும் எதுவும் இருக்காது. உடற்பயிற்சி செய்யும் பெண்ணின் உடை அவர் வீட்டில் யாரும் அணியாததாக இருக்கும். 'வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போய்ப் பட்டியல்படி வாங்குங்கள்' என்ற அறிவுரை, அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் வாங்கிச் சமைப்பவருக்கு எந்த உதவியும் செய்யாது.

பாடத்தை எழுதும்போதே அந்தச் சமூகத்து ஆட்கள் மேசையில் உட்கார வேண்டும். எழுதி முடித்தபின் ஒப்புதல் வாங்க மட்டும் கூப்பிடுவது மரியாதையும் இல்லை, பயனும் இல்லை. வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், என்ன சமைப்பது என்று யார் முடிவெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பல வீடுகளில் இந்த மூன்றும் மூன்று பேர். ஆபத்தில் இருப்பவருக்கு மட்டும் பாடம் நடத்தினால், அவர் சாப்பாட்டு நேரத்தில் தனியாளாகப் போராட வேண்டியிருக்கும். விரதமும் விருந்தும் எப்போது வருகின்றன என்று கேட்டு, அந்த வாரத்துப் பாடத்தை அதற்கேற்ப வையுங்கள். பாரம்பரிய உணவையே குற்றவாளி ஆக்காதீர்கள். அளவு, சமைக்கும் விதம், தட்டில் காய்கறிக்கும் பருப்புக்கும் கிடைக்கும் இடம் ஆகியவற்றை மாற்றினாலே நிறைய முடியும். தன் தாய் சமைத்த உணவை யாரோ இழிவாகப் பேசினால் அடுத்த வகுப்புக்கு யார் வருவார்கள்?

வெளியிடுவதற்கு முன் சிலரிடம் பாடத்தைக் காட்டி, 'இதை உங்கள் அண்டை வீட்டாருக்கு எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதில் தடுமாற்றம் இருந்தால் குறை பாடத்தில்தான். 'புரிந்ததா?' என்று மட்டும் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், படிக்கத் தெரியாதவர்களை என்ன செய்வது?

அவர்களிடமிருந்துதான் திட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பேன். ஆபத்து அதிகமாக இருக்கும் இடத்தில்தான் நல்ல இணைப்பும் நல்ல கருவியும் குறைவாக இருக்கின்றன. குறுஞ்செய்தி, அழைத்தால் பாடம் ஒலிக்கும் குரல் சேவை, சிறிய ஆடியோ கோப்பு ஆகியவற்றுக்கு டேட்டா அதிகம் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் செய்தி, எழுதிய நான்கு பக்கத்தைவிட அதிகம் கேட்கப்படும். வீடியோ போட்டால் எழுத்துவரியும் (சப்டைட்டில்) சேருங்கள். காது கேளாதவர்களுக்கும், சத்தம் வைக்க முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கும் அது உதவும்.

ஒரு கைபேசியைக் குடும்பமே பயன்படுத்துவது சகஜம். 'உங்கள் சர்க்கரை அளவு கூடியிருக்கிறது' என்ற செய்தி முதலில் யார் கண்ணில் படும் என்று தெரியாது. வேலை போய்விடுமோ, கல்யாணம் தடைப்படுமோ என்ற பயத்தில் மறைத்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். செய்தியில் பெயரோ முடிவோ வேண்டாம். பரிசோதனை முடிவைக் குறித்துவைத்த நேரத்தில் அழைத்து, அவரிடமே சொல்லுங்கள். குழுவில் ஒருவருடைய எண்ணை இன்னொருவர் பார்க்கக்கூடியதாகப் போடவே கூடாது.

பாடம் எவ்வளவு நாள் நடக்க வேண்டும்? என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

ஓராண்டு. அமெரிக்கத் திட்டத்தில் முதல் ஆறு மாதத்தில் 16 வகுப்புகள், அடுத்த ஆறு மாதத்தில் குறைந்தது ஆறு. ஒரு நாள் கருத்தரங்கால் பழக்கம் மாறாது.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற உழைப்பும், எடை கூடுதலாக இருப்பவருக்கு 5 முதல் 7 சதவீத எடைக் குறைப்பும் இலக்கு. 80 கிலோ உள்ளவருக்கு இது 4 கிலோவிலிருந்து சுமார் ஐந்தரை கிலோ வரை. இதைக் கேட்டதும் பலர் முகத்தில் நிம்மதி தெரியும், ஏனென்றால் 20 கிலோ குறைக்கச் சொல்வார்கள் என்று நினைத்திருப்பார்கள். அமெரிக்க ஆய்வின் கணக்கில் ஒவ்வொரு கிலோ குறைந்ததற்கும் ஆபத்து 16 சதவீதம் குறைந்தது. நடைக்கு நேரமில்லை என்பவர்களுக்கு, சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடப்பதைச் சொல்லுங்கள். உணவுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையை அது தணிக்கும். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, நீண்ட நேரம் உட்கார்வதை இடையிடையே முறிப்பது, தூக்கம், புகை பிடிப்பதை விடுவது எல்லாம் பாடத்தில் இருக்கட்டும். பழக்கம் தவறிவிட்ட வாரத்தை எப்படிச் சமாளிப்பது என்பதற்குத் தனி வகுப்பே வையுங்கள். அது எல்லோருக்கும் வரும் வாரம்.

இரவு வேலை, குறைந்த வருமானம், நடக்கப் பாதுகாப்பான இடமில்லை என்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

'மனம் இருந்தால் மார்க்கம் உண்டு' என்று சொல்லாதீர்கள். கேட்பவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் விழும். அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு, அதற்குள் எது முடியும் என்று சேர்ந்து தேடுங்கள். வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய பயிற்சி, இனிப்பு பானத்துக்குப் பதிலாகத் தண்ணீர், இரவுப் பணிக்கு நடுவே எப்போது சாப்பிடுவது என்பது போன்ற சிறிய முடிவுகள் போதும். வகுப்பு நேரத்தையும் அவர்களுக்கேற்ப மாற்றுங்கள். பகலில் தூங்குபவருக்குக் காலை பத்து மணி வகுப்பால் என்ன பயன்?

அப்புறம், வகுப்பால் தீராத விஷயங்களை வகுப்புக்கு வெளியே கொண்டுபோங்கள். தெருவிளக்கு, நடைபாதை, பள்ளி அருகில் விற்கப்படும் பானங்கள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவை உள்ளாட்சியும் அரசும் முடிவுசெய்பவை. பங்கேற்பாளர்கள் சொல்லும் தடைகளைக் குறித்துவைத்து அந்த அதிகாரிகளிடம் சேர்ப்பதும் நம் வேலையே.

முதல் மாதத்துக்குப் பிறகு ஆட்கள் வருவதே இல்லை. ஏன்?

பெரும்பாலும் வெட்கம்தான் காரணம். ஒரு வாரம் தவறியதும், அடுத்த வாரம் எப்படி முகம் காட்டுவது என்று தயங்கி அப்படியே நின்றுவிடுகிறார்கள். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவரை வழிகாட்டி ஒருவர் அழைத்துப் பேச வேண்டும். தானியங்கி நினைவூட்டல் இந்த இடத்தில் போதாது. 'ஏன் வரவில்லை?' என்று கேட்காமல், 'வீட்டில் எல்லாம் நலமா?' என்று தொடங்கச் சொல்லுங்கள். வழிகாட்டி மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற, அதே சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் பல நேரங்களில் மருத்துவரைவிட நன்றாகவே இதைச் செய்வார்.

குழுவைச் சிறியதாக வையுங்கள். யார் அதிக எடை குறைத்தார்கள் என்ற போட்டி வேண்டாம். பின்தங்குபவர்தான் நமக்கு முக்கியம்.

பார்டர்லைனில் இருப்பவர் மாத்திரை போடலாமா?

அது மருத்துவர் முடிவு. அமெரிக்க ஆய்வில் மெட்ஃபார்மின் வயது குறைந்தவர்களுக்கும், பி.எம்.ஐ. 35-க்கு மேல் உள்ளவர்களுக்கும், கர்ப்ப காலச் சர்க்கரை வந்தவர்களுக்கும் கூடுதலாக உதவியது. வகுப்பில் மருந்தைப் பரிந்துரைக்காதீர்கள்.

குழுக்களில் வரும் மூலிகைப் பொடி, 'ஏழு நாளில் குணம்' செய்திகளை எப்படிக் கையாள்வது?

அனுப்பியவரைக் குழுவில் வைத்து அவமானப்படுத்தாதீர்கள். அக்கறையில்தான் பெரும்பாலும் பகிர்கிறார்கள். செய்தியை எடுத்து, எது உண்மை, எது இல்லை என்று அன்றே ஒரு சிறு குரல் பதிவில் விளக்குங்கள். அடிக்கடி வருபவை சில: இனிப்பைத் தொடாவிட்டால் நோய் வராது என்பது பாதி உண்மைகூட இல்லை, பரம்பரையும் வயிற்றுக் கொழுப்பும் மொத்த உணவும் உழைப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பழத்தை முழுதாகச் சாப்பிடுவதும் சாறாகக் குடிப்பதும் ஒன்றல்ல. சாற்றில் நார்ச்சத்து போய்விடும், சர்க்கரை வேகமாக ஏறும். பொடியை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. உங்கள் பாடத்தில் எந்தப் பொருளின் விற்பனையும், விளம்பரமும் இருக்கக் கூடாது. ஒரு டப்பாவை விற்றாலும் அன்றோடு நம்பிக்கை போய்விடும்.

பலன் கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் என்பதெல்லாம் கணக்கே இல்லை. எத்தனை பேர் ரத்தப் பரிசோதனைக்குப் போனார்கள், பார்டர்லைன் என்று தெரிந்தவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், ஓராண்டில் அவர்களுடைய எடையும் இடுப்பளவும் எச்பிஏ1சியும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். மொழி, பாலினம், வருமானம் வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். மொத்த எண் நன்றாக இருந்து, ஒரு பிரிவினர் மட்டும் பாதியில் போயிருந்தால், அவர்களிடம் போய்க் காரணம் கேட்டுத்தான் அடுத்த சுற்றுப் பாடத்தை எழுத வேண்டும்.

வகுப்பில் ஒருவருக்கு ஏற்கனவே நோய் இருப்பதாகத் தெரிந்தால்?

உணவு, உடற்பயிற்சி வகுப்புகளில் அவர் தொடரலாம், ஆனால் அவருக்குச் சிகிச்சை தேவை. மருத்துவரிடம் அனுப்பிவைத்து, போனாரா என்றும் கேளுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் மருந்தோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென உணவைக் குறைத்தாலும் பயிற்சியைக் கூட்டினாலும் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதனால் மருத்துவரைக் கேட்டபிறகே மாற்றங்களைத் தொடங்கச் சொல்லுங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது, பார்வை மங்குவது என்று யாராவது சொன்னால் அடுத்த வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். இவை ஒரு குழந்தைக்கு இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வாந்தியோ வேகமான மூச்சோ மயக்கமோ சேர்ந்திருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.